18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களும் பெற்றோர்களும் மென்பொருள் எழுதும் நண்பர்களும் என்னிடம் அதிகம் கேட்டிருப்பது இந்த இருபது இலக்க எண்ணைப் பற்றித்தான். சதுரங்கக் கதையைக் கேட்டுவிட்டுச் சிலர் வருகிறார்கள். கணினித் திரையில் காரணம் தெரியாமல் இந்த எண் முளைத்ததைப் பார்த்துவிட்டுச் சிலர் வருகிறார்கள். எல்லோரும் அதன் பருமனைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அதன் பருமனைவிட, அது காரணிகளாக உடையும் விதம்தான் பெரிதாகப்படுகிறது. அதனால் 641 என்ற சின்ன எண் கீழே அடிக்கடி தலைகாட்டும்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்வதென்றால்: ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ‘கோடி கோடி’ என்பது ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சுழியம். சுருக்கமாக எழுத 2⁶⁴−1 போதும். அதாவது இரண்டை அறுபத்து நான்கு முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தது.

சதுரங்கக் கதை என்ன?

சதுரங்கத்தை உருவாக்கியவரிடம் அரசன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறான். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்து, அறுபத்து நான்கு கட்டமும் நிரப்பித் தரச் சொல்கிறார் அவர். இவ்வளவுதானா என்று அரசன் சிரிக்கிறான். கணக்குப் பார்த்தவர்கள் களஞ்சியம் காணாது என்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் இப்ன் கல்லிகான் என்ற அரபு வரலாற்றாசிரியர் இதை எழுதிவைத்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்துக்கும் இதே கதையைத் தலபுராணமாகச் சொல்வார்கள். அங்கே சதுரங்கம் ஆட வரும் முனிவர் கண்ணனே.

கூட்டுத்தொகை 2⁶⁴ ஆகாமல் ஒன்று குறைவதன் காரணம் எளிது. 1+2 = 3, அடுத்த கட்டம் 4. 1+2+4 = 7, அடுத்த கட்டம் 8. எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதுவரை கொட்டியது அடுத்த கட்டத்துக்குரியதைவிட ஒன்று குறைவு. 65ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதற்கு 2⁶⁴ தானியம் வேண்டும். ஆகவே 64 கட்டங்களில் இருப்பது அதைவிட ஒன்று குறைவு.

அரிசியாக எடை போட்டால்?

ஒரு கிராமுக்கு நாற்பது அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 46,100 கோடி டன் வரும். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன். இந்த விளைச்சலை ஒரு மணி உண்ணாமல் சேர்த்தாலும் ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் ஆகும்.

கால்குலேட்டர் இல்லாமல் கணக்கிட முடியுமா?

முடியும். 63 முறை இரட்டிக்கவும் வேண்டாம். 64ஐப் பாதி பாதியாக ஆறு முறை குறைத்தால் 1 வந்துவிடும். எனவே 2இல் தொடங்கி ஆறு முறை வர்க்கம் எடுத்தால் போதும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, பிறகு நமக்கு வேண்டியது. பாதியாக்குவதும் வர்க்கமாக்குவதும் கலந்த இந்த உத்தி பிங்கலரின் சந்த சாஸ்திரத்திலேயே இருக்கிறது. குறிலும் நெடிலும் கலந்து எத்தனை விதச் சந்தம் அமைக்கலாம் என்று எண்ணுவதற்கு அவருக்கு இரண்டின் அடுக்குகள் தேவைப்பட்டன. 1000ஆம் ஆண்டையொட்டி எழுதிய அல்பிரூனி, மீண்டும் மீண்டும் வர்க்கம் எடுத்தே சதுரங்கத் தானியத்தின் கூட்டுத்தொகையை இருபது இலக்கமும் பிசகாமல் கண்டார்.

கடைசி வர்க்கம்தான் கொஞ்சம் பெரியது. அதை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். 4294967296ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டுங்கள்.

42949இன் வர்க்கம் 1844616601. இதன் பின்னால் பத்துச் சுழியம்.
42949 × 67296இன் இரு மடங்கு 5780591808. இதன் பின்னால் ஐந்து சுழியம்.
67296இன் வர்க்கம் 4528751616. இதை அப்படியே வைக்கவும்.

மூன்றையும் இடம் பார்த்துக் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண். ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த இருபது இலக்கங்கள் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

இது பகா எண்ணா?

இல்லை. 5இல் முடிகிறதே! 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழன்றுகொண்டே இருக்கும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ஆனது 6இல் முடிகிறது. ஒன்றைக் கழித்தால் 5.

சுவையான கேள்வி அடுத்தது: முழுவதுமாக எப்படி உடைகிறது? பள்ளியில் படித்த அ²−ஆ² = (அ−ஆ)(அ+ஆ) என்ற ஒரே வாய்பாடு போதும். 2⁶⁴−1 என்பது (2³²−1) × (2³²+1). இடது பக்கத்தை மறுபடி பிரித்தால் (2¹⁶−1) × (2¹⁶+1). இன்னும் பிரிக்கலாம். மடித்த வேட்டியை உதறுவதுபோல ஒவ்வொரு மடிப்பாக விரிகிறது. கடைசியில் கையில் நிற்பவை:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறுக்கும் ஃபெர்மா எண்கள் என்று பெயர். 2இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்து வைத்து, விடையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் இருக்கும், இதற்கு மேலும் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று பியர் தெ ஃபெர்மா 1640ஆம் ஆண்டுக் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அவர் நம்பியது ஆறாவது எண்ணிலேயே பொய்த்தது.

4294967297ஐ 641 வகுக்கிறது என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1729 டிசம்பரில் கோல்ட்பாக் எழுதிய கடிதம் ஒன்று ஃபெர்மாவின் இந்தக் கூற்றை இளைஞரான லியோனார்டு ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 = 641 × 6700417.

குருட்டாம்போக்கில் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் 641க்கு முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைத் தாண்ட வேண்டும். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பதை ஆய்லரே பிற்பாடு நிரூபித்தார். அந்தச் சல்லடையில் மிஞ்சும் பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிடும். 1878இல் எதுவார் லூகாஸ் சல்லடையின் கண்ணை இன்னும் சிறிதாக்கினார். 64 போதாது, 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால் 641க்கு முன் நிற்பது 257 மட்டும்.

641 வகுக்கும் என்பதை ஒரு வகுத்தலும் செய்யாமலே காட்டலாம். கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து வரிகள் இவை. 641ஐ இரண்டு விதமாக எழுத முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது:

641 = 5 × 2⁷ + 1. ஏனென்றால் 5 × 128 = 640.
641 = 5⁴ + 2⁴. ஏனென்றால் 625 + 16.

முதல் வரிப்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதியை −1 என்று சொல்லலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாம் வரிப்படி, மீதியைப் பொறுத்தவரை 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். வைத்தால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²இன் மீதி 1. எனவே 2³²இன் மீதி −1. அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதி 0. முடிந்தது.

பத்து இலக்க எண்ணை எழுதக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கரும்பலகையில் இதை எழுதி முடிக்கும்போது வகுப்பில் ஒரு கணம் சத்தமே இருக்காது. அந்த ஒரு கணத்துக்காகவே ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன்.

அப்படியானால் முழுக் காரணிப்படுத்தல்?

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு வழி, ஆக 2⁷. ஃபெர்மா சொன்னது பலித்திருந்தால் காரணிகள் ஆறோடு நின்று, வகுத்திகள் 64 மட்டுமே இருந்திருக்கும். 64 கட்டப் பலகையில் பிறந்த எண்ணுக்கு அது அழகாகவே பொருந்தியிருக்கும்!

9ஆல் வகுபடுமா? 7ஆல்?

இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. எனவே 3ஆல் வகுபடும். 9ஆல் வகுத்தால் மீதி 6. 7ஆல் வகுத்தால் மீதி 1.

இதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை?

1 முதல் இந்த எண் வரையுள்ள முழு எண்களில், 1ஐத் தவிர இதோடு வேறு பொதுக் காரணி இல்லாதவை 9208981628670443520. ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்து எல்லாவற்றையும் பெருக்கினால் இது வரும்.

பாதிக்கு மிக அருகில் இருக்கிறது அல்லவா? சரியாகச் சொன்னால் பாதிக்குச் சற்றுக் குறைவு, 49.92 விழுக்காடு. 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் விடை அச்சாக 2⁶³ ஆகியிருக்கும், அதாவது பாதியைவிட இம்மி கூடுதல். பாதிக்குக் கீழே இழுத்தது பெரும்பாலும் 641தான்.

நிறைவெண் வகையில் இது எதில் சேரும்?

குறை எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்குச் சமமானால் நிறைவெண், தன்னைவிடக் குறைந்தால் குறை எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த எண்ணின் 70 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

வடிவியலோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, ஆழமான தொடர்பு. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு ஒழுங்கான முக்கோணமும் ஐங்கோணமும் வரையலாம் என்பது பழைய கிரேக்கர்களுக்குத் தெரியும். பதினேழு பக்கப் பலகோணத்தையும் வரையலாம் என்று 1796 மார்ச் 30 அன்று கண்டபோது கார்ல் ஃபிரெடெரிக் காஸுக்கு வயது பதினெட்டு. வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணத்தின் பக்க எண்ணிக்கையில் ஒற்றைப்படைப் பகாக் காரணிகள் இருந்தால், அவை வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களாகவே இருக்க வேண்டும். இது போதுமான நிபந்தனை என்று காஸ் 1801இல் எழுதினார். தேவையான நிபந்தனையும் இதுவே என்று 1837இல் வான்செல் நிரூபித்தார்.

ஃபெர்மா பகா எண்களாக இன்றுவரை தெரிந்தவை 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும்தான். இவற்றின் பெருக்கல் 4294967295, அதாவது 2³²−1. ஆகவே ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடியதாகத் தெரிந்த பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். அந்த எண்ணின் வகுத்திகள் 32. அவற்றில் 1ஐ நீக்கினால் மொத்தம் 31 பலகோணங்கள். நம் எண்ணையே பக்க எண்ணிக்கையாகக் கொண்ட பலகோணத்தை வரைய முடியாது. 641 குறுக்கே நிற்கிறது.

65537 பக்கங்களுக்கு எப்படி வரைவது என்று யோஹான் குஸ்தாவ் ஹெர்மிஸ் பத்தாண்டுகளுக்கு மேல் கணக்கிட்டு 1894இல் முடித்தார். அந்தக் கைப்பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் காக்கப்படுகிறது.

பாஸ்கல் முக்கோணத்தில் இந்த எண் ஒளிந்திருக்கிறதாமே?

ஆம். ஓரங்களில் 1 வைத்து, மற்ற இடங்களில் மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வரிவரியாக எழுதிக்கொண்டே போவது பாஸ்கல் முக்கோணம். அதில் ஒற்றை எண்களுக்கு 1, இரட்டை எண்களுக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51 என்று வரும். முதல் 32 வரிகளும் மேலே சொன்ன 4294967295இன் 32 வகுத்திகளே. 64ஆவது வரி 1, 63, 1953, 39711 என்று போகும். அதன் 64 எண்களில் ஒன்றுகூட இரட்டைப்படை கிடையாது. அறுபத்து நான்கு 1கள் வரிசையாக நிற்பதால் அதை வாசித்தால் நம் எண். இந்த முக்கோணத்தையும் நம் சந்த இலக்கண மரபு அறிந்திருந்தது. பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டிலேயே இதை மேரு பிரஸ்தாரம் என்று விளக்குகிறார்.

காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகள் இருப்பது உண்மையா?

இல்லை. மூன்று கம்பங்கள், 64 தட்டுகள், பெரியதைச் சிறியதன் மேல் வைக்காமல் பூசாரிகள் ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள், எல்லாம் மாறி முடிந்ததும் உலகம் அழியும் என்ற கதை பிரான்சில் புனையப்பட்டது. 1883இல் இந்தப் புதிரை விளையாட்டுப் பொருளாக வெளியிட்டவர், 641க்கான சல்லடையைக் கூர்மையாக்கிய அதே லூகாஸ்தான். கணக்கு உண்மை: 64 தட்டுகளுக்குக் குறைந்தது 2⁶⁴−1 நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் இதுவரையான வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

என் நிரலில் திடீரென்று இந்த எண் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் எங்கோ −1 ஒன்று குறியில்லா எண்ணாக வாசிக்கப்பட்டிருக்கிறது. 64 பிட் இடத்தில் −1ஐச் சேமிக்கும்போது அறுபத்து நான்கு பிட்டுகளும் 1 ஆகும். அதே பிட்டுகளைக் குறியில்லா முழு எண் என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது அந்த இடத்தில் கொள்ளும் உச்ச எண், அதாவது இதுவே. காலியான பட்டியலின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்த வரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உச்சத்தோடு ஒன்றைக் கூட்டினால், ஓட்டமீட்டர் 9கள் எல்லாம் முடிந்து சுழியத்துக்குத் திரும்புவதுபோல, 0 வரும்.

எக்செல்லில் இந்த எண்ணை அடித்தால் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றனவே?

எக்செல் பதினைந்து இலக்கங்களை மட்டுமே காக்கும். மற்றவை சுழியமாகிவிடும். எனவே 18446744073709500000 என்று நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் வகையில் 18446744073709552000 என்று காட்டும். இந்த இரண்டில் எதை நம்பிக் காரணி தேடினாலும் தவறான விடைதான் கிடைக்கும். பைத்தானில் முழு எண்களுக்கு இந்த வரம்பு இல்லை. அங்கே சோதியுங்கள்.

இதற்கு அருகிலுள்ள பகா எண்கள் எவை?

கீழே 18446744073709551557. மேலே 18446744073709551629. இடையில் ஒரு பகா எண்கூடக் கிடையாது.

அடுத்த ஃபெர்மா எண் என்ன ஆனது?

அது 2⁶⁴+1, நம் எண்ணைவிட இரண்டு கூடுதல்: 18446744073709551617. எண்பது வயதைக் கடந்த லாந்த்ரி 1880இல் அதை 274177 × 67280421310721 என்று உடைத்துக் காட்டினார். 274177இலிருந்து ஒன்றைக் கழித்து 256ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 1071 வரும். லூகாஸின் சல்லடை இங்கேயும் பலிக்கிறது.

இந்த இரண்டு அண்டை எண்களையும் பெருக்கினால் 2¹²⁸−1. அது 39 இலக்க எண்: 340282366920938463463374607431768211455. அதன் பகாக் காரணிகள் எவை என்று யாராவது கேட்டால் புதிதாக ஒரு கணக்கும் போட வேண்டியதில்லை. நம் எண்ணின் ஏழோடு லாந்த்ரியின் இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், ஒன்பது.